இரண்டு பழைய வீடுகளை ஒன்றாக்க எந்த இழையைப் பிடிப்பது? தரை, வளைவு, கோடு, நடுவெளி: ஓர் ஒப்பீடு

ஒட்டி நிற்கும் இரண்டு பழைய வீடுகள் ஒரே கைக்கு வந்துவிட்டன. நடுச்சுவரில் ஒரு வழி திறந்தால் போதும், ஒரே வீடாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். திறந்த பிறகு பார்த்தால் இந்தப் பக்கம் சிமெண்ட் தரை, அந்தப் பக்கம் மொசைக். இங்கே கதவு நிலையின் உயரம் ஆறரை அடி, அங்கே ஏழு. கூரை உயரம் ஒத்துப்போகவில்லை, சன்னல்களும் வேறு வேறு. வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்ட உணர்வு வருகிறது.

இதற்கு மருந்தாகத்தான் ஒரு பொது இழையைத் தேடுகிறோம். இரண்டு வீட்டிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டு, "இது ஒரே வீடு" என்று சொல்லும் ஒன்று. நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: இரண்டு வீட்டுக்கும் ஒரே தரை, எல்லாத் திறப்புகளிலும் ஒரே வளைவு, சுவரோடு ஓடும் ஒரே கோடு, மேலிருந்து வெளிச்சம் இறங்கும் நடுவெளி. பெரும்பாலோர் படங்களைப் பார்த்து, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் வீணாவது அங்கேதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே மட்டத்திலும் சுவரிலும் எவ்வளவு பிசகு இருக்கிறது, அந்தப் பிசகை எந்த இழை தாங்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ரசனைக்கு அதன் பிறகே இடம்.

## தேர்வுக்கு முன் அளவு

முதல் வேலை ஒரு பொதுமட்டக் கோடு. ஒரு வீட்டின் தரையிலிருந்து 1000 மி.மீ. உயரத்தில் சுவரில் குறி வைத்து, அதைத் தெருவாசல் வழியாக வெளியே கொண்டுபோய் அடுத்த வீட்டுக்குள் ஏற்றுங்கள். லேசர் மட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 15 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் மட்டம் போதும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் கணக்கு தவறிவிடும். ஒரு முனையை வாளியில் முக்கி, மறுமுனை வழியாகக் குமிழி எல்லாம் வெளியேறும்வரை நீரை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் அருகருகே பிடித்து, நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே குறி வையுங்கள்.

பொதுமட்டக் கோட்டை எல்லா அறைகளிலும் சாக்பீஸால் இழுத்துவிட்டு, ஒவ்வொரு அறையின் நான்கு மூலையிலும் நடுவிலும் அந்தக் கோட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே காலத்தில் கட்டிய வீடுகளாக இருந்தாலும் தரை மட்டம் ஒத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒருவர் எப்போதோ பழைய தரைமேல் புதுத் தரை போட்டிருப்பார்.

அடுத்தது நடுச்சுவர். அது பொதுச்சுவரா, முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு தனிச்சுவர்களா? 12 மி.மீ. நீளத் துரப்பணத்தால் வெவ்வேறு உயரத்தில் மூன்று இடங்களில் ஊடுருவத் துளையிடுங்கள். செங்கல் தூள் வரும், காரைத் தூள் வரும். நடுவில் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் துரப்பணம் வழுக்கினால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் பூச்சு நீங்கலாக 230 மி.மீ., ஒன்றரைக் கல் சுவர் என்றால் 345 மி.மீ. அளவில் நிற்கும். இரண்டு தனிச்சுவர்கள் என்றால் இரண்டு தனி அடித்தளங்கள். அவை தனித்தனியாகத்தான் இறங்கும், தனித்தனியாகத்தான் அசையும். கீழே வரும் முடிவுகளில் பாதியை இந்த ஒரு விஷயமே தீர்மானித்துவிடும்.

மாடித்தரையின் விட்டங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்றும் பாருங்கள். விட்டத்தின் முனைகள் நடுச்சுவரில் உட்கார்ந்திருந்தால், நீங்கள் திறக்கப்போவது சுமை தாங்கும் சுவர்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்கள். முதலாவதும் முக்கியமானதும் பிசகைத் தாங்கும் தன்மை: மட்டம் 100 மி.மீ. மாறினாலும், சுவர் சாய்ந்திருந்தாலும் இழை உடையாமல் நிற்குமா? இரண்டாவது, கட்டுமானத்தை எவ்வளவு தொட வேண்டியிருக்கும். மூன்றாவது, பின்னொரு நாள் வீடுகளைத் திரும்பப் பிரிக்க முடியுமா. நான்காவது, பத்து ஆண்டு கழித்து ஒரு துண்டு உடைந்தால் அதே பொருள் கிடைக்குமா, அதே கைவேலை கிடைக்குமா. ஐந்தாவது, மதிப்பீட்டுத் தாளில் வராத செலவு.

மூன்றாவது அளவுகோலைப் பலர் தட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் பிரிந்து போகலாம், ஒரு பாதியை வாடகைக்கு விட வேண்டி வரலாம். லண்டனில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் சர் ஜான் சோன் இல்லம் இதற்கு நல்ல பாடம். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில் 12ஆம் எண் வீட்டை 1792இல் வாங்கிய கட்டடக் கலைஞர் சோன், பிறகு 13ஆம் எண்ணையும் 1823இல் 14ஆம் எண்ணையும் சேர்த்தார். ஆழமில்லாத குவிகூரை, வளைவு, கண்ணாடி, மேலிருந்து விழும் ஒளி என்ற ஒரு சிறிய சொற்களஞ்சியத்தை வைத்தே அங்கே அறைகள் கோக்கப்பட்டன. ஆனால் 14ஆம் எண்ணின் முன்பகுதியை அவர் இணைக்கவே இல்லை. பின்பக்கத்தில் இருந்த லாயத்தின் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்வீட்டைத் தனியாக வாடகைக்கு விட்டார். எல்லாவற்றையும் இணைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கே இருக்கவில்லை.

| அளவுகோல் | ஒரே தரை | ஒரே வளைவு | ஒரே கோடு | நடுவெளி |
|---|---|---|---|---|
| மட்டப் பிசகு தாங்குவது | 25 மி.மீ. வரை நன்று | 150 மி.மீ. வரை | 300 மி.மீ. வரை | அரை மாடி வரை |
| சாய்ந்த, வளைந்த சுவர் | பட்டை வைத்தால் தாங்கும் | ஓரளவு | நிழல் இடைவெளி வைத்தால் தாங்கும் | பெரிதாகப் பாதிக்காது |
| கட்டுமானத் தலையீடு | கீழ்த்தளத்தில் குறைவு, மாடியில் கவனம் | அதிகம் | மிகக் குறைவு | மிக அதிகம் |
| திரும்பப் பிரிப்பது | எளிது | முடியும், வேலை உண்டு | மிக எளிது | அநேகமாக முடியாது |
| பின்னால் பழுது பார்ப்பது | கையிருப்பு ஓடு வேண்டும் | எளிது | எளிது | கூரை, வடிகால் பராமரிப்பு ஓயாது |
| மறைந்திருக்கும் செலவு | கதவு, படி, ஈரம் | முட்டு, இரும்பு, பூச்சு | சன்னல் திருப்பங்கள் | தற்காலிகக் கூரை, இழக்கும் அறைப்பரப்பு |

அட்டவணையில் உள்ள எண்கள் எங்கள் கணிப்பு. சட்டம் அல்ல.

## 1. ஒரே தரை

மிக வலுவான இழை இதுதான். கால் எங்கே போனாலும் கண் கூடவே போகும். சுவர், கூரை, சன்னல் எதையும் மாற்றாமலே இரண்டு வீடும் ஒன்றாகிவிடும். அதனால்தான் எல்லோரும் முதலில் இதையே கேட்கிறார்கள். பிசகை மிகக் குறைவாகத் தாங்குவதும் இதுவே.

மட்ட வித்தியாசம் 25 மி.மீ.க்குள் இருந்தால் தரைக்கலவையிலேயே வாங்கிக்கொள்ளலாம். 25 முதல் 100 மி.மீ. வரை இருப்பதுதான் தொல்லை. அந்த உயரத்தில் ஒற்றைப் படி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, காலைத் தட்டிவிடும். தரை ஒரே நிறமாக இருக்கும்போது இன்னும் ஆபத்து. சரிவு வைப்பதென்றால் 1:12 கணக்கில் 100 மி.மீ. உயரத்துக்கு 1.2 மீட்டர் நீளம் வேண்டும். 345 மி.மீ. தடிமனுள்ள சுவருக்குள் அது அடங்காது, அறைக்குள் நீளும். 150 மி.மீ.க்கு மேல் போனால் ஒரு முழுப் படியாகவே வைத்து, படியின் விளிம்பில் வேறு நிறப் பட்டை கொடுப்பது நேர்மையான தீர்வு.

தாழ்ந்த வீட்டின் தரையை உயர்த்திவிடலாமே என்பார்கள். கீழ்த்தளத்தில் செய்யலாம். ஆனால் கதவுகளின் அடி சீவப்படும், நிலையின் உயரம் குறையும், சன்னல் திண்டு தாழ்ந்துபோகும், மாடிப்படியின் முதல் படி மட்டும் குட்டையாகிவிடும். மற்றப் படிகளைவிட ஒரு படி குட்டையாக இருந்தால் இறங்குகிறவர் தடுமாறுவார். ஆகவே முழுப் படிக்கட்டையும் திருத்த வேண்டி வரும். இது எந்த மதிப்பீட்டுத் தாளிலும் முதலில் இருக்காது.

மாடியில் கலவை போட்டு உயர்த்துவதை நினைக்கவே வேண்டாம். 60 மி.மீ. சிமெண்ட் கலவை ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோவுக்கு மேல் எடை. மக்களும் சாமான்களும் சேர்ந்து வீட்டுத் தரைமேல் ஏறும் என்று பொறியாளர்கள் வழக்கமாகக் கணக்கிடுவதே சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரைதான். பழைய மரவிட்டத்தின்மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு பாரத்தை நிரந்தரமாக ஏற்றிவிட்டு, விட்டம் தொய்கிறதே என்று கவலைப்படுவதில் பயனில்லை. மாடியில் மரச்சட்டம் வைத்துப் பலகையால் உயர்த்துங்கள்.

ஓடு பதிக்கும்போது நடப்பது இன்னொன்று. பழைய வீடுகளில் எதிர்ச்சுவர்கள் இணையாக இருப்பதில்லை. ஒரு சுவரை ஒட்டி முதல் வரிசையைத் தொடங்கினால், ஆறு மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரில் கடைசி வரிசை ஒரு முனையில் முழு ஓடாகவும் மறுமுனையில் விரலளவு துண்டாகவும் முடியும். வாசலில் நின்று பார்த்தால் அந்த ஆப்பு வடிவத் துண்டுதான் கண்ணில் படும். சுவரை விட்டுவிடுங்கள். புதுத் திறப்பின் நடுவில் நின்று இரண்டு வீட்டுக்குள்ளும் ஒரே நூல் இழுத்து, அந்த நூலிலிருந்து இரண்டு பக்கமும் ஓடு வைத்து வாருங்கள். சுவரோரம் 150 முதல் 300 மி.மீ. வரை அகலத்தில் வெற்றுப்பட்டை விடுங்கள். கோணல் முழுவதையும் பட்டை விழுங்கிவிடும். பட்டையின் அகலம் 20 மி.மீ. மாறினாலும் யாரும் கவனிப்பதில்லை. இத்தாலியின் வெரோனாவில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா திருத்தியமைத்து 1964இல் மீண்டும் திறக்கப்பட்ட காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்திலும் புதுத் தரையின் விளிம்பு பழைய சுவரைத் தொடாமல் விலகியே நிற்கிறது. பழையதன் கோணல் பழையதோடு, புதியதன் நேர் புதியதோடு.

நடுச்சுவர் இருந்த கோட்டில் அசைவு இணைப்பு கட்டாயம். இரண்டு பித்தளைப் பட்டிகளுக்கு நடுவே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, நெகிழும் அடைப்பான் நிரப்புங்கள். இதைவிட்டு ஓடுகளைத் தொடர்ச்சியாகப் பதித்துச் சென்றால், சில பருவங்களில் அதே கோட்டில் விரிசல் ஓடும். தரை ஒன்று, அடித்தளம் இரண்டு என்பதை ஓடு மறக்காது.

ஈரமும் உண்டு. ஈரத்தடுப்பு இல்லாத பழைய தரை தன் ஈரத்தை மெல்ல மேலே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் நீர் புகாத ஓடுகளைப் பதித்தால் ஈரம் பக்கவாட்டில் போய்ச் சுவரில் ஏறும். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு சுவரின் அடியில் உப்புப் பூத்தால் ஓடு பதித்தவரைத் திட்டிப் பயனில்லை.

ஓடுகளை ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குங்கள். வெட்டுக் கழிவுக்கு 10 சதவீதம், கோல வடிவம் என்றால் 15 சதவீதம் கூடுதலாக எடுத்து, வேலை முடிந்தபின் ஒரு பெட்டியாவது முழுதாகப் பரணில் இருக்கட்டும்.

## 2. ஒரே வளைவு

வளைவின் நன்மை, அது தரையையும் கூரையையும் சாராமல் தன்னளவில் நிற்பது. இந்தப் பக்கத் தரை 100 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் வளைவு வளைவாகவே தெரியும். இரண்டு வீட்டில் ஒன்றில் ஏற்கெனவே நல்ல வளைவு வாசல் இருந்தால் அதையே இழையாக எடுக்கத் தோன்றும். எடுக்கலாம். ஆனால் அப்படியே நகலெடுத்து அடுத்த வீடெங்கும் ஒட்டினால் அந்த வீடு முதல் வீட்டின் கொட்டகைபோல் ஆகிவிடும். விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருளைப் புதிதாக வைப்பது நல்லது. பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், இல்லாமல் போன பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைந்தும் பழையதிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது.

அகலங்கள் வேறு வேறாக இருக்கும்போது எதை மாறாமல் வைப்பது? ஆரத்தை ஒன்றாக வைத்தால் அகலமான திறப்பு அரைவட்டமாகவும் குறுகியது தட்டையாகவும் தெரியும். எழுச்சிக்கும் (வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சிவரை உள்ள உயரம்) அகலத்துக்கும் உள்ள விகிதத்தை ஒன்றாக வையுங்கள். வளைவு தொடங்கும் மட்டத்தையும் பொதுமட்டக் கோட்டிலிருந்து ஒரே உயரத்தில் வையுங்கள். அரைவட்டம் அழகு, ஆனால் உயரத்தைத் தின்னும்: 1200 மி.மீ. அகலத்துக்கு 600 மி.மீ. எழும். தொடக்கம் 1800 என்றால் உச்சி 2400. தாழ்ந்த கூரையுள்ள வீட்டில் அது இடிக்கும். அகலத்தில் ஆறில் ஒரு பங்கு எழுச்சியுள்ள தட்டை வளைவு இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். அதற்குக் கணக்கும் சுலபம்: ஆரம் எப்போதும் அகலத்தில் ஆறில் ஐந்து பங்கு. 1200 மி.மீ. திறப்புக்கு எழுச்சி 200, ஆரம் 1000. 1500 மி.மீ. என்றால் 250, 1250. ஒரு ஆணி, ஒரு நூல், ஒரு பென்சில் போதும், ஒட்டுப்பலகையில் வார்ப்பு வரைந்துவிடலாம்.

தட்டையாக ஆக ஆக வளைவு பக்கவாட்டில் அதிகம் தள்ளும் என்பதை மறக்கக் கூடாது. திறப்பு முன்சுவருக்கோ பின்சுவருக்கோ மிக அருகில் இருந்தால் அந்தத் தள்ளுதலைத் தாங்கச் சுவர் போதாது. ஓரச்சுவர்களிலிருந்து குறைந்தது 600 மி.மீ. தொடாமல் விடுவது நல்லது, பொறியாளர் அதற்கு மேலும் கேட்கலாம். கீழ்த்தளத் திறப்பும் மாடித் திறப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வரட்டும். தள்ளித் தள்ளி வைத்தால் இடையில் நிற்கும் சுவருக்குப் பாரம் இறங்க நேர்வழி இருக்காது. நிலநடுக்க வாய்ப்புள்ள ஊரென்றால் இந்த முடிவு முழுவதும் பொறியாளரின் கையில்.

திறக்கும் முறை இது:

1. திறப்புக்கு மேலே ஏறக்குறைய 900 மி.மீ. இடைவெளியில் சுவரில் துளைகள் போட்டு, குறுக்கு உத்தரங்களை ஊடுருவச் செருகி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுப்பது. முட்டின் அடி ஓட்டின்மேல் நிற்கக் கூடாது. பலகை வைத்து, அதன் அடியில் தரை திடமா என்று பார்க்க வேண்டும்.
2. மாடி விட்டங்கள் இந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால் அவற்றுக்கும் இரண்டு பக்கமும் தனி முட்டு.
3. இரும்பு உத்தரத்தின் இரு முனைக்கும் கான்கிரீட் தாங்குகல் வைத்து, குறைந்தது 150 மி.மீ. உட்கார வைப்பது. ஒன்றரைக் கல் சுவர் என்றால் அருகருகே இரண்டு உத்தரங்கள், போல்ட்டால் இணைத்து.
4. உத்தரத்துக்கும் மேற்சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவே ஈரமுள்ள கலவையைக் கட்டையால் இடித்து அடைப்பது.
5. ஒரு வாரம் விட்டு, முட்டுகளை ஒரேயடியாக உருவாமல் அவற்றின் எல்லா ஜாக்கிகளையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறக்குவது.

நான்காவது படியில்தான் வேலை கெடும். கலவையை நீர்க்கக் குழைத்துப் பூசிவிட்டால் காயும்போது சுருங்கி, உத்தரத்தின்மேல் நூலளவு சந்து விழும். முட்டுகளை எடுத்ததும் மேற்சுவர் அந்த நூலளவுக்கு இறங்கும். மாடி அறையின் மூலையில் அடுத்த நாள் காலையில் தெரியும் சாய்வு விரிசல் அங்கிருந்து வந்ததே.

பழைய சுவர் அநேகமாகச் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான். அதற்குப் பிறகும் வெகுகாலம் சுண்ணாம்பே புழக்கத்தில் இருந்தது. வளைவின் விளிம்பைத் திடமான சிமெண்டில் பூசினால் மென்மையான பழைய செங்கல்தான் உடையும், பூச்சு உடையாது. விளிம்புப் பூச்சும் சுண்ணாம்பிலேயே இருக்கட்டும்.

இரும்பு உத்தரத்தின் கீழே வலைக்கம்பியும் பலகையும் வைத்து வளைவுபோல் செய்துவிடலாம், செலவு குறையும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஈரமான சுவரில் வலைக்கம்பி துருப்பிடித்து வளைவின் அடிப்பூச்சைத் தள்ளும். உலர்ந்த சுவரில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நடுவில் இருப்பது இரண்டு தனிச்சுவர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி உத்தரம், தனி வளைவு. இடைச்சந்தை ஒரு பக்கம் மட்டும் பொருத்திய மூடுபட்டையால் மறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூசினால் பூச்சு கிழியும்.

## 3. ஒரே கோடு

தரைக்கும் கூரைக்கும் நடுவே எல்லா அறைகளிலும் ஒரே மட்டத்தில் ஓடும் ஒரு கோடு. 90 மி.மீ. அகல மரப்பட்டையாகவோ உலோகப் பட்டையாகவோ இருக்கலாம். கோட்டுக்குக் கீழே ஒரு நிறம், மேலே வேறு நிறம் என்று வண்ணத்திலேயே முடித்துவிடலாம். அதிகம் மதிக்கப்படாத வழி, பல வீடுகளுக்கு இதுவே சரியான வழி.

காரணம் எளிது. கோடு தரையைப் பின்பற்றுவதில்லை, பொதுமட்டத்தைப் பின்பற்றுகிறது. உயர்ந்த வீட்டில் தரையிலிருந்து 1000 மி.மீ.யில் ஓடும் பட்டை, 120 மி.மீ. தாழ்ந்த வீட்டில் 1120 மி.மீ.யில் ஓடும். கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது தரை கீழே இறங்குவது இயல்பாகிவிடுகிறது. படியே அழகாகத் தெரியும். 300 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் கோடு மார்பளவுக்கு ஏறி இடறும். அப்போது 2100 மி.மீ. அளவில், நிலைகளின் தலைமட்டத்தில் ஓடவிடுங்கள்.

சுவரின் வளைசல்தான் இதற்கு எதிரி. நேரான பட்டையை வளைந்த சுவரில் அழுத்தி ஆணி அடித்தால் பட்டையும் வளையும், மேல்விளிம்பு பாம்பாக ஓடும். பட்டையைச் சுவரோடு ஒட்டாமல், 8 முதல் 10 மி.மீ. நிழல் இடைவெளி விட்டு, பின்னால் ஆப்புக் கட்டைகள் வைத்துத் துருப்பிடிக்காத திருகாணியால் 450 முதல் 600 மி.மீ.க்கு ஒன்றாகப் பிடியுங்கள். அந்த நிழல் சுவரின் கோணலை மறைத்துவிடும். பின்னால் காற்றும் ஓடும், ஈரச்சுவரில் மரம் மக்காது.

செலவு ஒளிந்திருப்பது சன்னல்களில். ஒவ்வொரு சன்னல் பக்கத்திலும் கோடு நிற்க வேண்டுமா, உள்ளே திரும்ப வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும், திருப்பம் ஒவ்வொன்றும் தச்சருக்கு அரைமணி வேலை. எட்டு சன்னல் என்றால் பதினாறு திருப்பம். சுவிட்சுப் பெட்டிகளையும் கோட்டுக்கு ஏற்ப நகர்த்த வேண்டி வரும். அதனால் மின்வேலைக்கு முன்பே கோட்டின் உயரம் முடிவாக வேண்டும்.

வண்ணக்கோடு என்றால், சுண்ணாம்புப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். ஈரம் அடைபட்டுத் தோல்போல் உரியும். சுண்ணாம்பு வண்ணமோ கனிம வண்ணமோ அடியுங்கள்.

இந்த இழை பலவீனமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு அறைகளில் விட்டுவிட்டு ஓடினால் வெறும் அலங்காரமாகிவிடும். ஓர் இடத்தில்கூட அறுபடாமல் நடுச்சுவர்த் திறப்பின் உட்பக்கத்திலும் தொடர்ந்து ஓடினால்தான் வேலை செய்யும்.

## 4. நடுவெளி

நெருக்கமான தெரு வீடுகளின் நோய் இருண்ட நடு அறைகள். முன்னும் பின்னும் மட்டுமே சன்னல், இரண்டு பக்கமும் சுவர். நடுச்சுவரை ஒட்டிய இரண்டு பக்க அறைகளையும் எடுத்துவிட்டு, கீழிருந்து கூரைவரை ஒரு திறந்த இடம் விட்டு, அதில் படிக்கட்டை வைத்து, மேலே கண்ணாடி போட்டால் இரண்டு வீட்டுக்கும் ஒரே நெஞ்சுக்கூடு கிடைக்கிறது. மற்ற மூன்றும் ஒற்றுமையைக் கண்ணுக்குக் காட்டும். இது வாழ்வதையே மாற்றும். மாடிகள் அரை உயரம் மாறியிருந்தால் இதுவே ஏற்ற வழி: ஒரு தளத்துக்கு ஒரு வீடு, அடுத்த இறங்குமேடைக்கு அடுத்த வீடு என்று படிக்கட்டே இரண்டையும் கோத்துவிடும்.

ஆனால் விலை பெரிது. இரண்டு வீட்டிலும் அறைகள் போகும். கூரை திறந்திருக்கும் மாதங்களுக்குத் தற்காலிகக் கூரை வேண்டும். அதைத் தார்ப்பாயால் சமாளிக்கப் பார்த்தவர்கள் ஒரே மழையில் மாடித் தரையை இழக்கிறார்கள். படிக்கட்டு இரண்டு அடித்தளங்களுக்கு நடுவே பாலமாக நிற்பதால், ஒரு முனையை இறுகப் பொருத்தி மறுமுனையை நழுவும் தாங்கியில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் கூரைச் சந்து. இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில்தான் பழைய வீடுகள் ஒழுகுகின்றன. அந்த வடிகால் ஒரு ஆள் காலை வைத்து நின்று குப்பையை அள்ளும் அளவுக்கு, குறைந்தது 300 மி.மீ. அகலமாக இருக்கட்டும். சரிவு 1:80க்குக் குறையக் கூடாது. நீர்த்தடுப்புப் படலம் இரண்டு பக்கச் சுவரிலும் 150 மி.மீ. ஏற வேண்டும். வடிகுழாய் இலையால் அடைபட்டால் நீர் வீட்டுக்குள் வராமல் வெளியே கொட்ட ஒரு வழிதலும் வைக்க வேண்டும். வழிதல் தெருவில் கொட்டுவது கண்ணில் படும் என்பதே அதன் பயன்: அடைபட்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

கண்ணாடியின் கீழே வெப்பம் சேரும். உச்சியில் திறக்கும் காற்றுப்போக்கி இல்லாமல் மேற்கண்ணாடி போடாதீர்கள். தீப்பிடித்தால் இந்தக் கூடு புகைபோக்கியாகவும் மாறும். இரண்டு வீட்டு மாடியிலும் இருப்பவர்கள் வெளியேற இந்தப் படிக்கட்டு ஒன்றே என்றால், தீயணைப்பு விதிகளைத் தெரிந்த ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டாமல் தொடங்கக் கூடாது.

## எந்த வழியிலும் தப்பாத செலவுகள்

நடுச்சுவர் பல இடங்களில் தீத்தடுப்புச் சுவராகவும் கணக்கில் இருக்கும். அதில் திறப்பு போட அனுமதி தேவைப்படலாம். பத்திரம், வரி, காப்பீடு மூன்றிலும் இரண்டு வீடு ஒன்றாவது வேலைக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டியது.

மின்சாரம் உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டு வீட்டு மின்னிணைப்பும் ஒரே அறைக்குள் வந்தால், ஒரு பெட்டியை அணைத்துவிட்டு வேலை செய்பவர் மறுபெட்டியின் உயிர்க்கம்பியில் கை வைப்பார். திறப்பு போடும் வாரத்திலேயே ஒரே இணைப்பு, ஒரே முதன்மை அணைப்பான், ஒரே நிலத்தொடர்பு என்று மாற்றிவிடுங்கள். தனித்தனியாக வைத்தே தீர வேண்டுமென்றால் எல்லை நடுச்சுவராகவே இருக்கட்டும், இரண்டு பெட்டியிலும் எச்சரிக்கை எழுதி ஒட்டுங்கள்.

தெருமுகப்பை ஒன்றாக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு முகப்பும் தெருவின் சொத்துபோல. இரண்டாவது தெருவாசலைச் செங்கல் வைத்து அடைக்காமல் கதவோடு பூட்டி வையுங்கள். தீ விபத்தில் வழியாகும், பின்னால் பிரிக்கும் நாளில் வாசலாகும்.

## எந்த வீட்டுக்கு எது

தரை 25 மி.மீ.க்குள் ஒத்து, கீழ்த்தளத்தை மட்டும் இணைப்பதென்றால் யோசிக்க வேண்டாம், ஒரே தரை. மாடியும் சேருகிறது, மரவிட்டத் தளம் என்றால் தரையைக் கீழே நிறுத்திக்கொண்டு மேலே கோட்டை ஓட்டுங்கள். இந்த இரண்டும் நல்ல ஜோடி.

பொதுச்சுவர் ஒன்றே, மூன்று நான்கு திறப்பு எப்படியும் போடத்தான் வேண்டும் என்றால் இரும்பும் முட்டும் வந்தே தீரும். அந்தச் செலவிலேயே வளைவையும் வாங்கிவிடலாம். இரண்டு தனிச்சுவர்கள் என்றால் திறப்புகளை இரண்டுக்குள் நிறுத்தி, கோட்டை நம்புங்கள்.

வாடகைக்குப் பிரிக்கும் வாய்ப்பு கொஞ்சமாவது இருந்தால் நடுவெளியை விட்டுவிடுங்கள். நடு அறைகளில் பகலிலும் விளக்கு எரிகிறது, மாடிகள் அரை உயரம் மாறியிருக்கின்றன, பிரிக்கும் எண்ணமே இல்லை என்றால் நடுவெளிக்கே முழுப் பணத்தையும் போடுங்கள். அங்கே வளைவும் கோடும் தேவைப்படாது. வளைவு, கோடு, கோலத்தரை மூன்றையும் ஒரே வீட்டில் வைத்தவர்களுக்கு மூன்றில் எதுவுமே எடுபடுவதில்லை.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை. அட்டையை உண்மை அளவில் வெட்டி, திறப்பு வரப்போகும் இடத்தில் சுவரில் ஒட்டுங்கள். கோடு என்றால் காகிதப் பட்டையை இரண்டு வீட்டிலும் ஓட்டுங்கள். ஒரு வாரம் காலையும் இரவும் அதன் வழியே நடந்து பாருங்கள்.

திறப்பு போட்டு முட்டு எடுத்ததும் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். நடுச்சுவர்க் கோட்டைக் கடக்கும் தரை, பட்டை, பூச்சு எதையும் உடனே முடிக்க வேண்டாம். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போகட்டும். விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டாமல் நின்றிருந்தால் விட்டுவைத்த அந்த இடத்தைப் பூர்த்தி செய்யலாம். தாண்டியிருந்தால் ஓடு பதிப்பவருக்கு முன்பு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.